கச்சாயத்துக்கு வைத்த நீச்சல் பரீட்சை

என் மாமனார் நாச்சிமுத்து பொய் சொல்லமாட்டார். நடந்ததைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்வார், அவ்வளவுதான். திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத தேசம் கிடையாது. இவரும் இளவயதில் போர் போடுகிற வண்டியோடு கானா நாட்டுக்குப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு மலைப்பாம்பை வெறுங்கையால் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடித்தாராம். இந்தக் கதையைக் கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தப் பாம்பு ஒரு முழம் வளரும்.

தமிழரசுவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வரும்போது அந்தக் கதையைத்தான் நம்பி வந்தேன். ஏனென்றால் என்னோடு கச்சாயமும் வந்தது. வெல்லம் போட்டு எண்ணெயில் சுட்டுத் தின்கிற கச்சாயம் இல்லை. கோவையில் படித்த காலத்திலிருந்து நான் வளர்க்கிற மலைப்பாம்பு. ‘பால் பைத்தான்’ என்பார்கள், அதுவும் கானா பக்கத்து ஜாதிதான். மூன்றரை அடி நீளம், விஷம் கிடையாது. பயந்துவிட்டால் தலையை உள்ளே செருகிக்கொண்டு உருண்டையாகிவிடும். வெல்லப்பாகு நிறத்தில் அது சுருண்டிருப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன்.

அதன் கண்ணாடிப் பெட்டி மாடியில் எங்கள் அறையில் இருந்தது. அது வந்த நாளிலிருந்து என் மாமியார் கண்ணாத்தாள் துணி காயப்போடக்கூட மாடி ஏறவில்லை. கீழே கூடத்திலேயே கொடி கட்டிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் மாமாவின் ஈர வேட்டி தலையில் தட்டும். ஒருநாள் அத்தை பொறுமையிழந்து பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். மாரியம்மன் நோம்பிக்கு அத்தனை உறவும் வரப்போகிறது, பாம்பு இருக்கிறதா போகிறதா என்று வீட்டுக்காரரே சொல்லட்டும் என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நீதிபதியே நம் கட்சி ஆயிற்றே. ஆனால் மாமா தாடையைச் சொறிந்தார், விட்டத்தைப் பார்த்தார், பிறகு ஒரு சட்டம் சொன்னார். கானாவில் இந்தப் பாம்பு ஆற்றையே நீந்திக் கடக்குமாம். நீந்தினால்தான் நல்ல பாம்பு, நீந்தாதது சீக்குப் பாம்பு. சீக்குப் பாம்பு குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால் நோம்பியன்று எல்லோர் முன்னாலும் தோட்டத்துத் தொட்டியில் விட்டுப் பார்ப்பது, நீந்தினால் இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவானது.

நீந்தாவிட்டால் அதை எங்கே கொண்டுபோவது? என் அம்மா வீட்டில் அதற்கு இடமில்லை. அது போனதற்காகவே என் கல்யாணத்தில் அம்மா இரண்டு மடங்கு சந்தோஷமாக இருந்தாள். முகம் தெரியாத யாரிடமோ கச்சாயத்தைக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. இந்த ஜாதிப் பாம்புக்கு நீந்தத் தெரியும், ஆனால் பெரிய ஆசை கிடையாது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு உருண்டையாகிவிட்டால் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

எனவே ஒத்திகை ஆரம்பமானது. துணி ஊறவைக்கிற பெரிய டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தோம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவர் போலத் தமிழரசு முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். முதல் நாள் கச்சாயம் உருண்டையாகவே இருந்துவிட்டது. அடுத்த நாள் அவர் தற்செயலாக எதிர்ப்பக்கம் கையைத் தண்ணீரில் வைத்தார். உடனே அது தலையை நீட்டியது, உடம்பை அவிழ்த்தது, நெளிந்து நெளிந்து போய் அவர் கையில் ஏறிக்கொண்டது. அதற்கு வேண்டியதெல்லாம் அக்கரையில் ஒரு சூடான கை, அவ்வளவுதான் என்று எங்களுக்குப் புரிந்தது.

நோம்பியன்று கறிச்சோறு முடிந்ததும் உறவெல்லாம் குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மோட்டார் ரூம் பக்கத்திலிருக்கிற சிமென்ட் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர், வெயிலில் நன்றாகச் சூடேறியிருந்தது. தமிழரசு எதிர்ப்பக்கம் இறங்கப்போனார். அப்போதுதான் அத்தையின் அண்ணன் சின்னண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

“மாப்ள, கானாவுல தோள்ல போட்டுட்டு டீ குடிச்சவரு நீங்க இருக்கறப்ப பையன் எதுக்குங்க? நீங்களே எறங்கி நில்லுங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மாமா சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி அந்தக் கோடியில் போய்க் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் கச்சாயத்தை இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீருக்குள் தாழ்த்தினேன். உருண்டையாகத்தான் இருந்தது. மெதுவாக ஒரு சுற்று அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அது புறப்பட்டுவிட்டது. அந்த வெல்ல நிற உடம்பு வளைந்து வளைந்து போன அழகை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அது நேராக மாமாவிடம் போனது. அவர் பின்னால் நகர்ந்தார், முதுகில் தொட்டிச்சுவர் முட்டியது. கச்சாயம் அவர் கையில் ஏறி, தோளைச் சுற்றி, காதுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டது.

கரையில் ஒரே கைத்தட்டல். மாப்பிள்ளைக்கு ஒரு டீ கொண்டுவரச் சொல்லிச் சின்னண்ணன் ஆளை விரட்டினார். நானும் தொட்டியில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்து கிட்டே போனேன். மாமா கண்ணை மூடியிருந்தார். உதடு மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“சாமி, எடுத்துரு சாமி,” என்று என்னிடம் கெஞ்சினார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “கானாவுல நான் லாரி கேபினை உட்டு எறங்குனதே இல்ல.”

சிரிப்பு வந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷர் ஒரு பொய்ப் பாம்பைத் தோளில் சுமந்திருக்கிறார். கரையிலிருப்பவர்களுக்கு முகம் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டு அவர் கையைப் பிடித்தேன்.

“அதுக்கும் பயந்தானுங்க மாமா. அதான் உங்களை ஒட்டிட்டிருக்குது.”

அவர் கண்ணைத் திறந்தார். ஒரு விரலை மட்டும் மெல்லக் கொண்டுபோய் அதன் முதுகைத் தொட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு, மாமாவை விட்டு வரமாட்டேன் என்கிறது என்று கரைக்குக் கேட்க உரக்கச் சொன்னேன். இருக்கட்டும், நம் வீட்டுப் பாம்பு என்று மாமா தீர்ப்பு சொல்லிவிட்டார். குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. மறுநாள் காலையில் அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணிக் கூடையோடு மாடி ஏறினார்.

போன மாதம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் வழக்கம்போலச் சின்னண்ணன் கானாக் கதையை எடுத்துவிடச் சொன்னார். அதைவிட நல்ல கதை இருக்கிறது என்று மாமா தொட்டியில் நடந்ததை ஆரம்பித்தார். பாம்பு எத்தனை நீளம் என்று யாரோ கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மூன்றரை அடி, ஒரு விரல்கடை கூடவில்லை.

“இத்தினிக்கூண்டுதானுங்க,” என்றார். “நெசமாலுமே பயந்துட்டேன்.”