பாதிக் கோடு

பழைய சாமான் கடையின் பின்பக்க அறையில் என் மகள் ஒரு டெஸ்க்கின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தது செருப்பு போட்ட இரண்டு கால்கள் மட்டும்தான். கடைக்காரர் என்னையும் அந்தக் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறையான் இருக்கான்னு பாக்குதா பாப்பா?"

"இல்ல அங்கிள். அடியில என்னமோ ஒட்டி வெச்சிருக்காங்க. பதினொண்ணு இருக்கு. கல்லு மாதிரி இருக்கு."

"பபிள்கம்" என்றேன் நான். டார்ச் வெளிச்சம் பதினொன்றையும் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, "எதுக்கு அடியில?" என்று கேள்வி வந்தது. கடைக்காரர் சிரித்துவிட்டு, எல்லாரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இன்னிக்கு ஸ்கூல் லீவா?"

வாரத்தின் நடுவில், காலை பதினொரு மணிக்கு ஒன்பது வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. பால் கடை, தபால் ஆபீஸ், செருப்பு தைப்பவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் வீட்டிலேயே படிக்க வைப்பதன் நியாயங்களை நின்று நிதானமாக விளக்குவேன். ஏன்தான் கேட்டோமோ என்று அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நகர்வார்கள். இப்போதெல்லாம் அந்த வேலை எனக்கில்லை. டெஸ்க்கின் அடியிலிருந்து அவளே பதில் சொன்னாள். "எனக்கு லீவே கிடையாது அங்கிள்."

பேச்சுக்குப் பேச்சு வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். ஆனால் இதே வக்கீலம்மா ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் விசாரித்தார். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தோம். அந்த ஒரு மாதம் நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் வீட்டிலேயே உட்கார்ந்து அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான். சொன்னால் சிரிப்பார்கள், அதனால் வெளியே சொல்வதில்லை.

டெஸ்க் வாங்க வந்ததற்குக் காரணம் சாப்பாட்டு மேஜை. அதில் மை கொட்டியது, பசை காய்ந்தது, போன வாரம் ஒரு மண்புழு உலாவியது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சோறு திங்கிற எடத்துல புழு நெளிஞ்சா நான் லேப்லயே சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சரி, கடைக்குப் போவோம் என்று கிளம்பினோம். நாங்கள் எதையாவது வாங்கப் போனால் அது ஒரு பாடம். அளவு நாடாவும் நோட்டும் கூடவே வரும், எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பாவம்.

அந்த டெஸ்க்கில் ஒரே சிக்கல், அது இரண்டு பேர் உட்காருவது. பெஞ்சும் டெஸ்க்கும் ஒரே சட்டத்தில் சேர்ந்திருந்தன. ஒற்றை ஆளுக்கு இருக்கிறதா என்று கேட்டேன். "ஸ்கூல்லேருந்து மொத்தமா வந்தது சார். எல்லாமே ஜோடிதான். ரெண்டா அறுத்தா ரெண்டும் வெறகு" என்றார் கடைக்காரர். மகள் அடியிலிருந்து எழுந்து வந்து, தலைமுடித் தூசியைத் தட்டிக்கொண்டு, வலது பக்கம் போய் உட்கார்ந்தாள். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நான் பார்க்காத மாதிரி நாடாவைச் சுருட்டினேன்.

வீட்டில் ஜன்னலோரம் அதைப் போட்டு, ஈரத்துணியால் துடைத்தபோதுதான் மேல்பலகையில் இருந்தது தெரியவந்தது. புள்ளி வைத்துக் கட்டம் கட்டும் விளையாட்டு. எல்லாரும் விளையாடியிருப்போம். வரிசையாகப் புள்ளிகள், ஆளுக்கு ஒரு கோடு, நான்காவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடுகிறவர் அதற்குள் தன் அடையாளத்தைப் போட்டுக்கொள்ளலாம். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதால் மரத்திலேயே பதிந்திருந்தது. வலது பக்கத்து ஆள் நீல மையில் சின்னச் சின்ன மீன் வரைந்திருந்தாள். இடது பக்கத்து ஆள் கறுப்பு மையில் பூ. ஆள் பெண்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வக்கீலம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். ஆறு மீன், நான்கு பூ, பாதிப் பலகை இன்னும் காலி.

"ஆட்டம் முடியலப்பா" என்றாள். குரலே மாறிவிட்டது. "இப்ப யாரு முறை?"

அடுத்த மூன்று நாள் எங்கள் வீட்டில் கணக்கும் இல்லை, வரலாறும் இல்லை. பூதக்கண்ணாடியோடு டெஸ்க்கின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். கடைசியில் கண்டுபிடித்தும் விட்டாள். ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, ஒரு புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளிக்குப் போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றிருந்தது. "பூக்காரி முறை. போட ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டா. ஏம்ப்பா?"

"பெல் அடிச்சிருக்கும்."

"பெல் அடிச்சா ஒரு கோட்டக்கூட முடிக்கக் கூடாதா?"

"கூடாது" என்றேன். எனக்குள்ளே ஒரு அற்பத் திருப்தி இருந்தது, மறைப்பானேன். பள்ளிக்கூடம் எப்படிப்பட்ட இடம் என்று அவளே கண்டுகொள்ளட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் சுளிக்கவில்லை. பெல் சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கும், யார் அடிப்பார்கள், அவர்களுக்கு மணி எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தபோது, மனைவி கையைத் துடைத்துக்கொண்டே டெஸ்க்கின் பக்கம் வந்தாள். "கவனிச்சீங்களா? வலது பக்கம்தான் உக்காருறா. இடது பக்கம் ஒரு பென்சில்கூட வைக்க மாட்டேங்கிறா."

"பழக்கம்."

"பழக்கம் இல்ல, அவளுக்கு ஒரு ஆள் வேணும்போல இருக்கு. மாசக் கடைசியோட ஸ்கூல்ல சேர்க்கை முடியுது. கேட்டுப் பாக்கலாமே."

"பாடத்துல என்ன கொற வெச்சிட்டேன்?" என்று எகிறினேன். மனைவி, லேபில் ரத்தச் சோதனைக் குழாய்களைப் பார்க்கிற நிதானத்தோடு என்னைப் பார்த்தாள். "கொறன்னு நான் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் காலை பதினொரு மணிக்கு நான் யாரோடு கடைக்குப் போவேன்? வீட்டுக்கு யார் மண்புழு கொண்டுவருவார்கள்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைக்காகச் செய்கிறேன் என்று நான்கு வருஷமாகச் சொல்லிவந்தது என்ன ஆவது?

அந்தப் பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து, பாதியில் நின்ற கோட்டை அடுத்த புள்ளி வரைக்கும் இழுத்துவிட்டேன். விளையாட்டு தொடரட்டும், நான்தான் பூக்காரி என்று அவள் ஊகித்துச் சிரிப்பாள், இடது பக்கம் என்னை உட்காரச் சொல்வாள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். தலையில் துண்டோடு வந்தவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீதான?"

"என்ன நானா?"

"பாதிக் கோடு ஆடுது. பாதிக் கோடு நேரா இருக்கு. ஸ்கேல் வெச்சுப் போட்டிருக்க."

இருபது வருஷமாக ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்துப் பிழை பார்க்கிறவன் நான். கை தானாகவே ஸ்கேலைத் தேடியிருக்கிறது, எனக்கே தெரியவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அவளே மெல்லத் துடைத்தாள். என் பாதி போய்விட்டது. மரத்தில் பதிந்திருந்த பழைய பாதி அப்படியே இருந்தது.

"உனக்கு என்கூட ஆட வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் அடங்கவில்லை.

அவள் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு யோசித்தாள். "வேண்டாம்னு இல்லப்பா. நீ எப்பவும் தோத்துடுற." பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோல, "அது உன் தப்பு இல்ல" என்றாள். "நான் பூக்காரிய நேர்ல பாத்துக் கேக்கணும். அந்த ஸ்கூலுக்குப் போலாமா? சும்மா, ஒரு தடவ பாத்துட்டு வரலாம்."

நாங்கள் தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறோம், அச்சகம் பார்த்திருக்கிறோம், ரயில்வே கேட் மூடித் திறப்பதை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் பள்ளிக்கூடத்தையும் ஒரு இடமாக அவள் கேட்டாள். எதைச் சொல்லி மறுப்பது? கடைக்காரரிடம் போய் டெஸ்க் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்று விசாரித்தோம். நடந்தே போகும் தூரம்தான். அவள் ஆட்டத்தை ஒரு தாளில் புள்ளி பிசகாமல் எழுதிக்கொண்டாள், பாதிக் கோடு உட்பட.

இடைவேளை நேரம். கம்பி கேட்டுக்கு உள்ளே ஒரே இரைச்சல். வாட்ச்மேன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது. "டெஸ்க்கெல்லாம் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு சார். அதுல உக்காந்த பிள்ளைங்க யாரு, எங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றார். ஆனாலும் மனுஷன் நல்லவர். "கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு பாக்கறதுன்னா பாத்துக்கோங்க" என்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

வக்கீலம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் பூட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும், நான்கு வருஷம் கழித்து மறுபடி பார்க்கிறேன். வா கண்ணு, வீட்டுக்குப் போவோம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது.

முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டின் அருகில் வந்தாள். கம்பிக்கு உள்ளே இருந்தே மகள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"யாரு முறை?"

மகள் தாளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். பல்லைக் கடித்துக்கொண்டு வாட்ச்மேனின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் போனதுபோல இருந்தது. பிறகு என் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"பூ. பூவோட முறை. ஆனா அவங்க இல்ல."

"நான் பூவா இருக்கட்டா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். தாளையும் பென்சிலையும் கம்பிக்கு நடுவே நீட்டினாள். பல்லில்லாத பெண் தாளைக் கம்பியில் வைத்து அழுத்தி, பாதிக் கோட்டுக்குக் கிட்டே பென்சிலைக் கொண்டுபோனாள். அப்புறம் நிறுத்தினாள். "சீ, இங்க போட்டா நீ கட்டத்த எடுத்துடுவ" என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே விட்டு, வேறு மூலையில் போட்டாள்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் அகல விரிந்திருந்தன. "அப்பா, பெல் இல்லப்பா. பூக்காரி மனசு மாறிட்டா. தெரிஞ்சுதான் பாதியில விட்டிருக்கா." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. அவள் சிரித்தாள். உள்ளே இருந்த பெண்ணும், எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. பென்சில் உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே போனது. மகள் ஒரு மீன் போட்டாள். அந்தப் பெண் "ஏமாத்துற" என்றாள், மகள் "நீதான் பாக்கல" என்றாள். அந்தப் பெண் சேர்ந்தாற்போல் இரண்டு பூப் போட்டாள், விட்டுக்கொடுக்கவே இல்லை. மகளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. தோற்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நன்றாகத்தான் இருந்தது.

பெல் அடித்தது. நிஜமாகவே பெரிய சத்தம்தான். அந்தப் பெண் அவசர அவசரமாக ஒரு கோட்டைக் கடைசிவரை இழுத்து முடித்துவிட்டு ஓடினாள். ஒரு நிமிஷத்தில் மைதானம் காலி. பாட்டில் ஒன்று மட்டும் கேட்டருகில் கிடந்தது.

"யாரு முறை?" என்று கேட்டேன்.

"என் முறைதான்" என்றாள். "ஆனா பென்சில் அங்க போயிடுச்சு."

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. தாளைப் பின்னால் இழுத்துக்கொள்ளாமல், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கம்பிகளுக்கு நடுவே பிடித்தபடி, அவள் வகுப்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.