கதவு திறந்துதான் இருந்தது

1.

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. தானாக என் வாசலில் வந்து நின்றது. எங்கள் தெருவில் கான்கிரீட் தளம் போட்ட ஒரே வீட்டுக்காரி எனேய்தா. ஒரு காலையில் வந்து என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்க உங்க பாஷையில என்னமோ எழுதிக்கிட்டே இருக்கீங்களே, அதுல என்னைப் பத்தி ஒண்ணு எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"புயலப்போ நான் என் அக்காவைக் கூப்பிடலன்னு எழுதுங்க."

ஊரில் எல்லோரும் வேறு மாதிரி சொல்கிறார்களே என்றேன். தமிழில் எழுதினால் இந்த லா எஸ்தாகாவில், ஏன், கியூபா முழுக்கச் சல்லடை போட்டாலும் படிக்க ஆள் கிடைப்பது கஷ்டம் என்றேன்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். யாருக்காவது தெரியணும். இங்க யாருக்கும் தெரியக் கூடாது."

அந்த யாரோ நீங்கள்தான்.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"தெற்கே கடல் ஈயத் தகடுபோலக் கிடந்தது. காற்று தன் முதல்—"

அடித்துவிட்டேன். அன்று கடலைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

"வானொலி அந்தச் சூறாவளிக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னது." இதையும் அடித்தேன். கதையில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தி எதற்கு?

மூன்றாவது, வெண்ணெய்ப்பழ மரம். இது நிற்கட்டும். புயல் வருகிறது என்றால் எங்கள் ஊரில் முதல் வேலை மரத்தை உலுக்குவது. காற்று பறித்து நசுக்குவதற்குள் நாமே பறித்துவிட வேண்டும். பழுத்தது, பழுக்காதது எல்லாம் வாளியில் நிறையும். அப்புறம் கிளைகளை வெட்டுவார்கள். தகரக் கூரைமேல் மணல்மூட்டை ஏற்றிக் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டுவார்கள். கரண்ட் போய்விடும் என்று குளிர்பெட்டியில் இருக்கும் இறைச்சியை எல்லாம் வறுத்துக் கொழுப்பில் அமுக்கி வைப்பார்கள். அதனால் புயலுக்கு முந்தின நாள் தெருவே கல்யாண வீடு மாதிரி மணக்கும். ஜன்னலுக்கு அடிக்கும் பலகைகளில் 'சமையலறை', 'கட்டில் பக்கம்' என்று போன புயலுக்குக் கரியில் எழுதியது இன்னும் இருக்கும். யாரும் அதை அழிப்பதில்லை.

[இதெல்லாம் கதைக்குத் தேவையா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு பெண்களும் இந்த வேலைகளையெல்லாம் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே செய்தார்கள். தேவை அதுதான்.]

3.

அவர்கள் பேசாமல் போனதன் காரணம் அந்தக் கான்கிரீட் தளம்.

வீடு அம்மாவுடையது. அம்மா படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் இளையவள் எனேய்தா. மூத்தவள் மிக்தாலியா எதிரில் மரவீட்டில் தையல் மிஷினை உருட்டிக்கொண்டு இருந்தாள். தன் காலத்துக்குப்பின் வீடு எனேய்தாவுக்கு என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். உடல் இன்னும் கூடத்தில் கிடக்கிறது, ஊர் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அப்போது மிக்தாலியா, யாரைப் பார்த்தும் இல்லாமல், ஒரு வாக்கியம் சொன்னாள்:

"பீ மூத்திரம் அள்ளினா கூரை கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா நானும் அள்ளியிருப்பேனே."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வாசலை மிக்தாலியா அதற்குப்பின் மிதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புயலென்றால் தகரக் கூரைக்காரர்கள் எல்லாம் தளம் போட்ட வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். யாரும் அழைப்பு எதிர்பார்ப்பதில்லை. மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நேரே உள்ளே போவார்கள். இந்த வழக்கம் மிக்தாலியாவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூரையைப் பற்றி அப்படி ஒரு சொல்லைச் சொன்னவள், கூப்பிடாமல் அதன் கீழே எப்படிப் போய் நிற்பாள்?

4.

இருவருக்கும் நடுவில் ஒரு மனிதன் இருந்தான், எவேலியோ. மாட்டுவண்டிக்காரன், ஊரிலேயே பெரிய புளுகன். தன் காளை ஒருமுறை வானொலிச் செய்தி கேட்டு அழுததாகச் சத்தியம் செய்வான். புயலன்று காலையிலிருந்து தெருவில் இருப்பவர்களின் சாமானையெல்லாம் எனேய்தா வீட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். மிக்தாலியா வீட்டுக் குளிர்பெட்டியும் வந்தது.

"இது யாரோடது?" என்றாள் எனேய்தா, தெரிந்தே.

"உங்க அக்காவோடது."

"சுவரோரமா வை. பிளக் பக்கத்துல."

அடுத்து மெத்தை வந்தது. அப்புறம் தையல் மிஷின். அதன்மேல் எனேய்தா தன் கையாலேயே பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள். பிறகு காலைக் கட்டின கோழிகள். ஒவ்வொன்று வரும்போதும் அவள் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாளாம். இதை அவளே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பின்னால் யாருமில்லை.

"ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்க. உங்க அக்கா வந்துருவாங்க," என்றான் எவேலியோ.

"கதவு திறந்துதானே இருக்கு. நான் என்ன பூட்டியா வெச்சிருக்கேன்?"

அவன் எதிர்ப்பக்கம் போனான். மிக்தாலியா கேட்டாள்.

"கூப்பிட்டாளா?"

"கதவு திறந்திருக்காம்."

"கதவு நாய்க்கும்தான் திறந்திருக்கும்."

[இங்கே எவேலியோவை நான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இவ்வளவு கச்சிதமான பதில்கள் நிஜத்தில் வருமா, இவன் சேர்த்ததா என்று. கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "ஊரெல்லாம் பொய் சொல்றவன் நான். அன்னைக்கு மட்டும் ஏன் வாய்ல உண்மை வந்துச்சோ தெரியல. 'ஆமா, கூப்பிட்டாங்க'ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்," என்றான்.]

5.

மதியம் தாண்டியதும் மழை படுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. கதவு வழியாகத் தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. உள்ளே தெருவே உட்கார்ந்திருந்தது. குழந்தைகள், நாய்கள், ஒரு பன்றி, குளியலறையில் கட்டின கோழிகள். கதவைச் சாத்து என்று எல்லோரும் சொன்னார்கள். எனேய்தா அசையவில்லை. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

எதிர்வீடு மழைக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அப்போது கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

"வாயைத் திறந்தேன். பேர் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தச் சாவு வீட்டுல அவ சொன்னதுதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு. எத்தனை பேர் முன்னாடி சொன்னா. அவளே முதல்ல வரட்டும்னு நின்னேன்."

ஒரு தகரம் தெருவின் குறுக்கே பறந்து போனது. இரண்டு ஆண்கள் சேர்ந்து கதவைத் தள்ளிச் சாத்திக் கட்டையைப் போட்டார்கள். அவள் தடுக்கவில்லை.

மிக்தாலியாவை நான் சரியாக எழுதவில்லை என்று இந்த இடத்தில் தோன்றுகிறது. தங்கை சொன்னதை வைத்து எழுதினால் அக்கா கல்லாகத்தானே இருப்பாள். அதனால் எவேலியோ கடைசியாக அந்த வீட்டு வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மிக்தாலியா கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும்போது போடும் செருப்பைப் போட்டிருந்தாள். தலையில் துணி கட்டி, மடியில் பையை வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

எவேலியோ இதை எனேய்தாவிடம் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றான்.

6.

அந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தேன். அதனால் புயலை வர்ணிக்கப் போவதில்லை. காற்று நின்றபின் நடந்தது இது: மரவீடு மண்டியிட்டதுபோல் முன்பக்கமாகச் சரிந்து கிடந்தது. பலகைகளைத் தூக்கினபோது மிக்தாலியா உத்தரத்துக்கு அடியில் உயிரோடு இருந்தாள். இடுப்பு எலும்பு நொறுங்கியிருந்தது. கதவுப் பலகையில் படுக்கவைத்து, தண்ணீர் நிற்கும் சாலையில் எவேலியோவின் வண்டியில் பினார் தெல் ரியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனேய்தா வண்டியோடு பாலம் வரை நடந்தாள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். மயக்கமா, மனம் வராமலா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். தெருவில் எல்லோரும் பத்திரமாக இருக்க, இந்த ஒருத்தி மட்டும் ஏன் தனியாக விடப்பட்டாள் என்று கேட்டார். எனேய்தா வாயைத் திறப்பதற்குள் எவேலியோ முந்திக்கொண்டான்.

"இவங்க மூணு தடவை கூப்பிட்டாங்க சார். நானே கேட்டேன். கெஞ்சினாங்க. அந்தம்மாவுக்குப் பிடிவாதம், வரல."

தேவைப்பட்ட அன்று வராத பொய் இப்போது வந்தது. மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனேய்தாவின் மேலிருந்த அன்பினால்தான் ஆட்டினார்கள். எல்லோருமே அவள் கூரைக்குக் கீழே பிழைத்தவர்கள். அதன்பின் நடந்த ஊர்க்கூட்டத்தில், தெருவையே காப்பாற்றியவள் என்று அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப சொல்லியிருக்கலாம்," என்றாள் என்னிடம். "கைதட்டி முடியட்டும், சொல்லிடலாம்னு நெனச்சேன். முடிஞ்சதும் எல்லாரும் நாற்காலியை எடுத்து அடுக்க ஆரம்பிச்சிட்டாங்க."

இப்போது ஊரில் மிக்தாலியா என்றால் பிடிவாதக்காரி. தானே இழுத்து விட்டுக்கொண்டவள். அவள் இங்கே இல்லை, மறுத்துச் சொல்ல.

7.

முடிவு.

ஒன்றில் மிக்தாலியா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோகிறாள். எழுதினேன், நன்றாகவே வந்தது, கிழித்துவிட்டேன். செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

இன்னொன்றில் எனேய்தா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு— வேண்டாம். அவள் போகவில்லை. இரண்டு முறை கிளம்பி நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினாள்.

நடந்தது என்னவென்றால், மழைக்காலம் முடிந்தபின் மிக்தாலியாவின் மகள் யனெய்சி காமகுவேயிலிருந்து ஒரு லாரியோடு வந்தாள். அம்மா இனி தன்னோடுதான் இருப்பாள், சாமானை எடுத்துப் போகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்ததால், முன்சீட்டில் மிக்தாலியா இருந்தாள். இறங்க முடியாது. தன் வீடு இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள் எனேய்தா. மிஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தாள். ஒவ்வொன்றாக ஏறியது. "சித்தி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்று யனெய்சி மெதுவாகச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

லாரி நகர்ந்தது. நான் என் வாசலில்தான் நின்றிருந்தேன். இது நானே பார்த்தது. எனேய்தா ஓடிப்போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தட்டினாள். லாரி நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை.

"பாலத்துக்கிட்ட மெதுவா போங்க," என்றாள் எனேய்தா ஓட்டுநரிடம். "பள்ளம் கிடக்கு. அவங்களுக்கு இடுப்பு தாங்காது."

மிக்தாலியா முன்னால் பார்த்தபடியே, ஓட்டுநரிடம் சொன்னாள்:

"சரின்னு சொல்லுங்க."

ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியாம்," என்றார்.

லாரி போய்விட்டது.

8.

காமகுவேக்கு எங்கள் ஊரிலிருந்து நேர்ப் பேருந்து இல்லை. ஹவானா போய் மாற வேண்டும். எனேய்தா விசாரித்து வைத்திருக்கிறாள். போகவில்லை.

அவ்வப்போது வந்து கேட்கிறாள்.

"எழுதி முடிச்சிட்டீங்களா?"

"இல்ல, முடிவு மட்டும் பாக்கி."

"அதுல நான் பஸ் ஏறிட்டேனா?"

அவளை ஏற்றிவிட எனக்கு ஒரு வரி போதும். ஜன்னலோர இருக்கை கொடுக்கலாம், மடியில் ஒரு டப்பா கொய்யா அல்வாகூட வைக்கலாம். ஆனால் எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் அவள் நிஜத்தில் போக மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது. எழுதியதிலேயே ஆறிப்போகிற மனசு அது, என்னுடையதும்தான்.

"இன்னும் இல்ல," என்றேன். "ஸ்டாப்பிலதான் நிக்கிறீங்க."

"அங்க நிழல் கிடையாதே," என்றாள்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவளை எவ்வளவு நேரம் அங்கே நிறுத்தி வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.