வளைவில் நின்ற வீடு

பேருந்து ஓட்டுநர் கார் பந்தயம் விளையாட உட்கார்ந்தால் அவருடைய வீடு வளைவுகளில் சாயும். பாதி ஆயுள் பேருந்து ஓட்டியவர் அவர். வலக்கண் மங்கிய பிறகு பணிமனையில் சாவி எடுத்துக் கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். வேறு ஊருக்குப் போன மகன் பழைய வீடியோ கேம் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு விடுமுறை நாளில் அதைத் தூசி தட்டி டிவியில் மாட்டினார். அட்டையில் வெட்டி ஒட்டியது போல மரங்கள், முகமில்லாமல் கைதட்டும் கூட்டம், ஒரு சிவப்புக் கார். நிறுத்தம் இல்லை, விசில் இல்லை, படியில் தொங்குகிறவன் இல்லை. ஓட்டுவது இவ்வளவு சுகமான வேலை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கன்ட்ரோலரோடு உடம்பையும் சாய்த்து விளையாடுவது எல்லாரும் செய்வதுதான். அவர் சாய்ந்தபோது வீடும் சேர்ந்து சாய்ந்தது, அவ்வளவுதான்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பட்டன்கள் உருளாமலிருக்க டப்பாவுக்கு மூடி வாங்கினாள். மாடியில் மருத்துவமனை வைத்திருந்த பல் டாக்டர் மட்டும் ஒருமுறை இறங்கி வந்தார். “அண்ணே, ஓட்டுங்க, வேணாங்கல. பல்லு புடுங்கறப்ப மட்டும் கொஞ்சம் நேர் ரோட்டுல போங்க.” அதற்கு ஓட்டுநர் ஒத்துக்கொண்டார்.

கடலோரம், குகை, குகை தாண்டியதும் இடப்பக்கம் ஒரு கொண்டை ஊசி வளைவு. இந்த ஒரே பாதையைத்தான் சில வருடங்கள் ஓட்டினார். ஒருநாள் அந்த வளைவில் கார் தடுப்புச் சுவரில் மோதியது. கூடத்துச் சுவரில் விரிசல் விழுந்தது. மனைவியின் விரலில் ஊசி ஏறியது. இடக்கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார், மறைத்து வைத்திருந்தார். இனி மறைக்க முடியாது. ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்தார். “கண்ணு தெரியாதவன் வண்டிய தொடக் கூடாது” என்றார். வீடு இடப்பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது.

டிவியை அணைத்தால் வீடு அப்படியே நிலைத்துவிடுமோ என்று பயந்து யாரும் அதைத் தொடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நிலைதான். தையல் மெஷினின் கால்களுக்குக் கட்டை வைத்தும் அவள் தைத்த சட்டைகளுக்கு ஒரு கை நீண்டது. வாடிக்கையாளர்கள் வேறு கடை தேடினார்கள். மாடியில் அப்போது கட்டிய பற்கள் எல்லாம் இன்றைக்கும் கொஞ்சம் இடப்பக்கம்தான் பார்க்கின்றன. அவரோ சாப்பிட மட்டும் எழுந்து, மற்ற நேரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் அவள் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எடுங்க. வளைவு எங்கன்னு நான் சொல்றேன்.”

“வீட்டு ஆளுங்கள என் வண்டியில ஏத்தறதில்ல, உனக்குத் தெரியும். கை நடுங்கும்.”

தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓட்டிய பேருந்தில் அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை; பின்னால் வரும் பேருந்துக்குக் காத்திருந்து போவாள்.

“மழைக்காலம் பூரா உங்க வண்டியிலதான சமைச்சுப் போட்டேன்? கை நடுங்கினா நடுங்கட்டும். எடுங்க.”

எடுத்தார். கை நடுங்கத்தான் செய்தது. “இன்னும் இடது, இன்னும் கொஞ்சம், போதும், இப்ப நேரா.” வீடு முனகிக்கொண்டே நிமிர்ந்தது. அலமாரிக்கு அடியிலிருந்து காணாமல் போன பட்டன்கள் எல்லாம் உருண்டு வந்தன. அவள் அவற்றைப் பொறுக்கவில்லை. அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.

இப்போது அவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. மாலையில் அவள் தையலை மூடிவைத்ததும் வண்டி கிளம்பும். “வலது” என்று அவள் குரல் கேட்டால் மாடியில் நோயாளிகள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சுவர் விரிசல் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒன்றும் விழவில்லை.