மோவாய்க் கறை

முதலாளிக்கு நான் தரவேண்டியதாகிப்போனது தொள்ளாயிரத்து எண்பது ரூபாய். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் விலை. எனக்கு இரண்டு நாள் கூலி.

சலவைக்கூடத்தில் துணி மடிப்பது என் வேலை. ஓட்டல் விரிப்பைத் தனி ஆளாக மடிக்கும்போது நடு மடிப்பை மோவாயால் நெஞ்சோடு அழுத்திக்கொள்ளத்தான் வேண்டும். கை இரண்டுதானே இருக்கிறது. இஸ்திரி ஆவியில் வெந்து வெந்து என் முகமெல்லாம் கருந்திட்டு.

நாத்தனார்தான் சொன்னாள். "அண்ணி, ராத்திரி மஞ்சளைத் தயிர்ல கொழச்சுப் பூசுங்க. ஒரே மாசத்துல அண்ணனுக்கே அடையாளம் தெரியாது."

"இப்பவே தெரியாத மாதிரிதான் போறாரு."

பூசினேன். உடம்பு அசதி, கழுவாமலே தூங்கிவிட்டேன். காலையில் அள்ளித் தெளித்த தண்ணீரோடு வேலைக்கு ஓட்டம். மோவாய்க்கடியில் மிச்சமிருந்த மஞ்சள் வேர்வையில் ஊறி விரிப்பில் இறங்கிவிட்டது.

முதலாளி விரித்துப் பார்த்தார். "மூஞ்சிக்கு மெருகு போடுற எடமாம்மா இது? ஓட்டல்காரன் திருப்பி எறிவான். சம்பளத்துல புடிச்சுக்குறேன்."

"நாளைக்கு லீவுதானே முதலாளி. எடுத்துக் காட்டுறேன்."

"மஞ்சள் போகாதும்மா."

"போகலன்னா புடிங்க."

வீட்டில் சோப்புப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பானது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, யாரையாச்சும் வெட்டிட்டீங்களா?"

அலசினால் மறுபடி மஞ்சள், சோப்புப் போட்டால் மறுபடி சிவப்பு. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. விடவில்லை. காயட்டும், மறுபடி துவைப்போம் என்று காலையில் மொட்டைமாடியில் போட்டேன்.

மத்தியானம் எடுக்கப் போனால், கறை பாதியாக வெளுத்திருந்தது. எங்கள் கூடத்தில் துணி காய்வது மெஷினில். வெயிலைக் கண்ணால் பார்க்காது. வெயில் மஞ்சளை வெளுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்படியே நனைத்து மறுபடி விரித்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர நானும் விரிப்பை இழுத்து இழுத்துப் போட்டேன். உச்சந்தலை காய்ந்தது. பொழுது சாய்வதற்குள் கறை இருந்த இடம் எனக்கே பிடிபடவில்லை.

மறுநாள் முதலாளி விரிப்பை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"சரி, புடிக்கல. ஆனா அந்த மஞ்சள் வேலைய இன்னியோட விட்டுடு."

"அதை விடமாட்டேன் முதலாளி. நல்லாக் கழுவிட்டு வரேன்."

முதலாளி விரிப்பை ஓட்டலுக்குப் போகும் துணிக்கட்டோடு சேர்த்து வைத்தார். சனிக்கிழமை சம்பளம் முழுசாக வந்தது.