சின்ன வயதில் தெரிந்த ஒருவர்

ஆஸ்பத்திரியின் கருவி சுத்தம் செய்யும் பிரிவில் அவனுக்குப் பதினொரு வருஷம். கழுவி வந்த அறுவைக் கருவிகளைப் பட்டியல்படி எண்ணித் தட்டில் அடுக்கி, துணி சுற்றி, கையெழுத்துப் போட்டு நீராவிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போன வாரம் முப்பதாவது உருப்படியை எண்ணும்போது ஒரு கத்தரியின் திருகு ஆடியது. முறுக்க எடுத்துப் போனான். திருப்புளி இருந்த இழுப்பறை அலங்கோலமாகக் கிடந்தது. அதை அடுக்கினான், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. திரும்பி வந்து மிச்சத்தை எண்ணிக் கையெழுத்துப் போட்டான். கத்தரி இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. மேல்மாடியில் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் தட்டைப் பிரித்தார்கள். வேறு தட்டு வர இருபது நிமிஷம். அந்த ஆள் பிழைத்தது இவனுடைய அதிர்ஷ்டம்.

"இது மூணாவது தடவை" என்றாள் சூப்பர்வைசரம்மா. "நீ சோம்பேறின்னா எப்பவோ அனுப்பியிருப்பேன். டாக்டரைப் பாரு. அவர் எழுதிக் கொடுத்தா ரெண்டு பேர் சேர்ந்து எண்ற மேஜைல போடறேன். இல்லேன்னா கெளம்பு."

டாக்டர் ஒரு மணி நேரம் கேட்டார். எடுத்ததைப் பாதியில் விடுவீர்களா, எதிரில் பேசுபவர் பேசிக்கொண்டே இருக்க மனசு வேறெங்கோ போகுமா, பிடித்த வேலை என்றால் சோறு தண்ணீர்கூட மறக்குமா. ஆமாம் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"கவனக்குறைவுக் கோளாறா இருக்கலாம். ஆனா பெரியவங்களுக்கு இது திடீர்னு வராது" என்றார் டாக்டர். "பன்னெண்டு வயசுக்கு முன்னாடி உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் பதில் சொல்லணும். நாளைக்கு இந்தப் படிவத்தை நிரப்பிட்டு வாங்க."

அப்பா அம்மா இல்லை. விட்டுப்போன மனைவிக்கு அவனை முப்பது வயதிலிருந்துதான் தெரியும். நண்பர்கள் என்று இருந்தவர்கள், திரும்பக் கூப்பிடாத ஆளை எத்தனை முறை கூப்பிடுவார்கள்? மிச்சம் அக்கா. அவள் பேசி இரண்டு வருஷம். அத்தான் செத்த அன்று கிளம்பியவன், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பினான். ஒழுகிய குழாய் கண்ணில் பட்டது. அதைக் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் கூப்பிட்டான்.

"யாரு செத்தா?" என்றாள் அக்கா.

"யாரும் சாகலக்கா."

"அப்புறம் எதுக்குப் போன்?"

சொன்னான்.

"கேட்டுத் தொலை."

"பொருட்களை அடிக்கடி தொலைப்பாரா?"

"தொலைப்பாரா? மரியாதை வேறயா! ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தவன்டா நீ. 'ரொம்ப அடிக்கடி'ன்னு போடு."

"கூப்பிட்டால் கவனிக்காமல் இருப்பாரா?"

"அப்பா பெல்ட்டைக் கழட்டினாத்தான் திரும்பிப் பார்ப்ப. சில நாள் அப்பவும் பார்க்க மாட்ட."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வேலையைப் பாதியில்…"

"என் கல்யாணத்துக்கு வாசக்கதவுக்குப் பெயின்ட் அடிச்சியே, ஒரு பக்கம் மட்டும். அவங்க வீட்ல அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் குத்திக் காட்டினாங்க."

"அது பன்னெண்டு வயசுக்கு முன்னாடியா?"

"உனக்குப் பதினொண்ணு."

பதினெட்டுக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒன்றைக்கூட மறக்கவில்லை. இத்தனை வருஷம் அவன்மேல் சேர்த்து வைத்திருந்த குற்றச்சாட்டெல்லாம் வரிசையாகக் கட்டங்களில் போய் உட்கார்ந்தது.

"அவர் செத்தப்போ நீ நேரத்துக்கு வராம போனதும் இதுலதான் சேர்த்தியா?"

"இருக்கலாம். தெரியலக்கா."

"அப்போ நான் இனிமே யார் மேலடா கோபப்படறது?"

அவன் படிவத்தைப் புரட்டினான்.

"இன்னும் இருக்கா?"

"கடைசியா ஒண்ணு. பதில் சொல்பவர் இவரை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார்?"

அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சந்திக்கறதில்லன்னு போடு" என்றாள். "உள்ளதைத்தானே எழுதணும்."

போன் வைக்கப்பட்டது. கட்டத்துக்குள் அடங்குகிற எழுத்தில் அவன் அதையே எழுதினான்.