சோப்புக் கோடு

லத்தீப் பாய் சக்கரத்தின் விளிம்பில் பச்சைச் சோப்பால் ஒரு கோடு இழுத்தார். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியக் கலவை சிவக்காது, சொல்லாமலே இளகிவிடும். சோப்பு கருகிப் பழுப்பானால் சுத்தியல் எடுக்கலாம் என்பது பட்டறைக் கணக்கு.

திருப்பரங்குன்றம் சாலையில் பன்னிரண்டு மணி வெயில். பள்ளத்தில் விட்டு வளைந்த பைக் சக்கரம் பாலகணேஷுடையது. அவன் மனைவி பெஞ்சில், மடியில் வளையல் பையுடன் இருந்தாள். அதே பெஞ்சின் மறுமுனையில் நான், என் துணிப்பையுடன். பாயிடம் ஒன்று சொல்ல வந்திருந்தேன். இதற்குமுன் இரண்டு முறை வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"புது வீலு நாளைக்கு வந்துரும் மாப்ள. பொறுக்க மாட்டியா?"

"மூணு மணிக்குத் திருமங்கலத்துல வளைகாப்பு பாய். போகலைன்னா இவ அக்கா எனக்கு வளையல மாட்டி உக்கார வச்சிரும்."

அவள் சிரித்தாள்.

பாய் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், காலேஜ்ல இதத்தான நடத்துறீங்க. சித்திரையில நீங்களும் இப்பிடித்தான் அவசரப்பட்டீங்க. நல்லாத்தான ஓடுது?"

நன்றாகத்தான் ஓடியது. நூற்றுப் பத்து நாள்.

உலோகச் சோர்வு என் பாடம். அளவுக்கு மேல் சூடான கலவைக்குப் பழைய வலு தானாகத் திரும்பாது. பிறகு ஒவ்வொரு சுற்றும் அதை அசைக்கும். எங்கோ மயிரிழையாக ஒரு வெடிப்பு தொடங்கும். வருடா வருடம் பலகையில் வரைந்து காட்டுகிறேன். சித்திரையில் அன்று என் மனைவி பவதாரிணியின் தோழிக்குக் கல்யாணம். பாய் புதிது போடச் சொன்னார். "சூடு காட்டிக் குடுங்க பாய், அப்புறம் மாத்திக்கிறேன்" என்றேன். மாற்றவில்லை. ஆடியில், நான்குவழிச் சாலையில், பவதாரிணி பின்னால் உட்கார்ந்திருக்க, முன்சக்கரம் உடைந்தது. எனக்கு முழங்கையில் நாலு தையல்.

பாய் காஸைப் பற்றவைத்தார். நான் பையிலிருந்து அந்த உடைந்த சக்கரத்தின் துண்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். உள்ளங்கையளவு. அவர் சுத்தியலின் தழும்பு அதில் இருந்தது. அவர் கட்டைவிரலால் அதைத் தடவினார். உடைந்த ஓரம்வரை போனார்.

"வீட்ல..?"

"அவ இப்ப இல்ல பாய். நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

காஸை மூடினார். சீறல் நின்றதும் சாலையின் சத்தம் கேட்டது.

"எம்புட்டு நேரமாகும் பாய்?" என்றான் பாலகணேஷ், கைபேசியைப் பார்த்தபடி.

அந்தப் பெண் என் முழங்கையைப் பார்த்தாள். பிறகு வளையல் பையை மடியிலிருந்து மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள். வெயிலில் கிடந்த சக்கரத்தில் சோப்புக் கோடு இன்னும் பச்சையாகவே இருந்தது.