அவள் பக்கத்து முள்

எடைமேடையில் வேலை பார்க்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் கிலோவாகத்தான் தெரியும். லாரி வரும், மேடையில் ஏறும், திரையில் எண் விழும், சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் லாரி போய்விடும். பகல் முழுக்க இதே பிழைப்பு. தன் பழைய காரில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் பைத்தியம் இந்த எடைமேடைக்காரருக்குப் பிடித்தபோது அதுவும் எடையில்தான் ஆரம்பித்தது. முதலில் ஸ்டெப்னி போயிற்று. பிறகு ஜாக்கி, பின்சீட்டு, ஏசி. ஒவ்வொன்றையும் கழற்றியதும் காரை மேடையில் ஏற்றிப் பார்ப்பார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு மைலேஜ் என்று பேர் வைத்தது அவர்கள்தான். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது.

"இன்னும் என்னத்தைக் கழட்டப் போறே மைலேஜ்? ஸ்டியரிங்கையா?"

"அது ரெண்டு கிலோகூடத் தேறாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மனைவியின் தம்பி ஹைப்ரிட் கார் வாங்கியதும் பைத்தியம் முற்றியது. அந்தக் கார் வாசலில் வந்து நின்றதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அமைதி.

"லிட்டருக்கு இருபத்துநாலு, அத்தான். நாம மிதிச்சா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்குது. பேசாம நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் வர அக்காவுக்கும் சுகமா இருக்கும்."

"அந்த விலைக்கு நான் சாகற வரைக்கும் பெட்ரோல் போடலாம், மாப்ளே. உன் இருபத்துநாலை நான் இந்த வண்டியிலயே காட்டறேன், பாரு."

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "எந்த வண்டியா இருந்தா எனக்கென்ன. குலுங்காம போனா சரி."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

வாரம் ஒருமுறை அவளைப் பக்கத்து நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. வலிக்கிறதா என்று யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்பாள். வலி என்று வாயைத் திறந்தால் அங்கேயே படுக்க வைத்துவிடுவார்கள், படுத்தால் திரும்பி வர முடியாது என்பது அவள் பயம்.

காரில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அவள் உட்காரும் பக்கம், டேஷ்போர்டின் மேல், வட்டமாக ஒரு மீட்டரை அவர் பொருத்தியிருந்தார். இஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அதற்கு வரும். மென்மையாக ஓட்டினால் முள் பச்சையில் நிற்கும். காலை அழுத்தி பெட்ரோலை வாரி இறைத்தால் சிவப்புக்குப் போகும். ஓட்டுகிறவன் கண் ரோட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே முள்ளைப் பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. மற்ற தம்பதிகள் பயணத்தில் என்ன பேசிக்கொள்வார்களோ, இவர்கள் பேசிக்கொண்டது இதைத்தான்.

"பச்சை... பச்சை... மஞ்சள். ஏங்க, மஞ்சள்."

"மேடும்மா, அப்படித்தான் காட்டும்."

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க. சிவப்பு."

அவர் காலை எடுப்பார்.

போகிற வழியில்தான் எடைமேடை. ஒருநாள் அவளை உட்கார வைத்தபடியே காரை ஏற்றிவிட்டு, திரையைப் பார்த்து வந்து ஏறினார். "போன தடவைக்குப் பத்து கிலோ கம்மியா இருக்கு. ஒண்ணும் கழட்டலையே."

"ஒண்ணும் கழட்டலையா?"

"இல்லையே."

"சரி, எடுங்க. லாரிக்காரன் திட்டறான்."

இஞ்சினுக்குச் சூடான காற்றைக் கொடுத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு ஞாயிறு முழுக்க பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள், "இதோ" என்றார். சாயங்காலம் கரியும் சிரிப்புமாக வந்து நின்றார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து மைலேஜ் ஏற ஆரம்பித்தது. சூடான காற்று வேலை செய்கிறது என்று மேடையில் எல்லோரிடமும் சொன்னார். ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. முள் இப்போது அடிக்கடி சிவப்புக்குப் போவதாக அவள் சொன்னாள். பாலம் கட்டுகிற இடத்தில் ரோடு பெயர்ந்து கிடக்கும், அங்கே சிவப்பு. வேகத்தடைக்கு முன்னால் சிவப்பு. ரயில்வே கேட்டில் சிவப்பு.

"நல்லாப் பாத்துதான் சொல்றியா?"

"பின்ன, கண்ணை மூடிட்டா சொல்றேன்? சிவப்புங்க. மெதுவா."

அவர் காலை எடுப்பார். கார் ஊர்ந்து போகும். பின்னால் வருகிறவன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு முந்திப் போவான். அவர் கண்டுகொள்ள மாட்டார். இருபத்திரண்டைத் தாண்டியிருந்தது.

ஒரு வாரம் எடைமேடைக்குச் சோதனை அதிகாரி வந்ததால் லீவு கிடைக்கவில்லை. தம்பி ஹைப்ரிட்டில் அவளைக் கூட்டிப்போனான்.

"எப்படி இருந்துச்சு?" வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தூங்கிட்டேன்."

இவர் காரில் அவள் ஒருநாளும் தூங்கியதில்லை. அவர் எழுந்து போய்க் கைகழுவினார். கழுவுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

"அடுத்த வாரமும் அவனையே வரச் சொல்லவா?"

"வேணாம். நம்ம வண்டியிலயே போலாம். அவன் வண்டியில எனக்கு வேலையே இல்ல."

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையில் நாலு டயரிலும் இன்னும் கொஞ்சம் காற்றை ஏற்றினார். டயர் கல் மாதிரி இருந்தால் பெட்ரோல் குறையக் குடிக்கும். சின்னக் கல் மேல் ஏறினாலும் வண்டி உதறும், அது வேறு விஷயம்.

மழைக்காலம் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போனபின், வீட்டில் அவள் ஊன்றி நடந்த நடைச்சட்டம் மட்டும் சுவரோரம் நின்றது. ஆஸ்பத்திரி இரவல் கொடுத்தது. அதை அவள் சீட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். வழியில் பெட்ரோல் நிரப்பிப் பார்த்தபோது இருபத்துநாலு வந்தது. கடைசியாக அவள் உட்கார்ந்து போன டாங்க் பெட்ரோலின் கணக்கு அது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பங்க்காரனிடம் சொன்னார். அவன் "அப்படியா" என்றுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

நடைச்சட்டத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சிக்னலில் நின்றார். பக்கத்தில் ஆள் இல்லாததால் கண் தானாக அந்த மீட்டருக்குப் போயிற்று. வண்டி நிற்கிறது, இஞ்சின் சும்மா ஓடுகிறது, முள் பச்சையில் இருக்க வேண்டும். அது சிவப்பின் கடைக்கோடியில் படுத்துக் கிடந்தது. சிக்னல் விழுந்ததும் நகர்த்தினார். முள் அசையவில்லை. அழுத்திப் பார்த்தார், காலை எடுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பாலம் கட்டுகிற இடத்துக்கு முன்னால் ஓரம் கட்டி பானட்டைத் திறந்தார். ரப்பர் குழாய் எதிலும் மாட்டாமல் தொங்கியது. அது மாட்டியிருந்த துளையில் ஒரு ரப்பர் மூடி. அவர் கையால் வைத்ததுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிகிறவரைக்கும் இருக்கட்டும் என்று அடைத்தது. பிறகு மைலேஜ் ஏறிக்கொண்டிருந்த இஞ்சினை எதற்குத் தொடுவது என்று அந்தப் பக்கம் கைவைக்கவே இல்லை. அன்றிலிருந்து முள் செத்துத்தான் கிடந்திருக்கிறது.

மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அந்த மீட்டர் வேலை செய்யலைன்னு உனக்குத் தெரியுமா?"

"அக்கா சொன்னா, அத்தான். என் வண்டியில வந்தாளே, அன்னிக்கி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

"ஏன்?"

"சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்களாம்." அவன் குரல் இறங்கியது. "கட்டிக்கிட்டதுலேர்ந்து இப்பத்தான் நான் சொன்னா மெதுவாப் போறார்டா, அதைக் கெடுத்துடாதேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

எதிரே பெயர்ந்த ரோடு கிடந்தது. ஒரு டிப்பர் அதில் குதித்துக் குதித்துப் போயிற்று. அவள் எங்கெங்கே சிவப்பு என்றாள் என்பது அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. நினைவு வராத இடங்கள் இன்னும் எத்தனையோ. அங்கெல்லாம் அவள் அந்தச் செத்த முள்ளைப் பார்த்துக்கொண்டே பச்சை என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பாள்.

"அத்தான்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முன்டயர் பக்கத்தில் குந்தினார். வால்வு மூடியைத் திருகி எடுத்துவிட்டு, சாவி முனையால் ஊசியை அழுத்தினார்.

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. காத்து" என்றார். இன்னும் மூன்று டயர் இருந்தது.